ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் புழங்கும் பணத்தைக் கேட்டால் தலை சுற்றும். (நாம் அறிந்த உருண்டைப் பந்து ஆட்டம் இல்லை இது, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, ஆளை ஆள் முட்டித் தள்ளி முன்னேறும் ஆட்டம்.) பிக் டென் என்ற கல்லூரிக் கூட்டமைப்பு 2022-ல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி தொலைக்காட்சிகளோடு ஏழு ஆண்டுகளுக்குப் போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 700 கோடி டாலர். சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் ஆட்டங்களுக்காக ஈஎஸ்பிஎன் 2024-ல் ஆறு ஆண்டுகளுக்குத் தர ஒப்புக்கொண்டது 780 கோடி டாலர். இத்தனையும் ஆட்டத்தைத் திரையில் காட்டும் உரிமைக்கான விலை. அதே திரையில் கேட்கும் குரல்களில் கணிசமானவற்றுக்கு மாதச் சம்பளம் கிடையாது, மருத்துவக் காப்பீடு கிடையாது, அடுத்த சனிக்கிழமை வேலை உண்டா என்ற உறுதியும் கிடையாது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி அழைக்கப்படும் ஃப்ரீலான்ஸ் வர்ணனையாளர்கள் அவர்கள். கூலி குறைவு என்று அவர்களுக்காகப் பரிதாபப்படுவது எளிது. கூலியைக் கணக்கிடும் முறையே கோணல் என்பதுதான் என் வாதம். மூன்றரை மணி நேரத்துக்கு விலை பேசிவிட்டு ஒரு வார உழைப்பை வாங்கிக்கொள்கிறார்கள். அந்த உழைப்போ ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது.

ஒரு காலத்தில் இந்தத் தொழிலில் ஆட்களும் குறைவு, ஆட்டங்களும் குறைவு. 1921 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரின் கேடிகேஏ வானொலியில் ஹெரால்ட் ஆர்லின் கல்லூரிக் கால்பந்தை நேர்முகமாகச் சொன்னதிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு, ஓர் அணிக்கு ஒரு குரல் என்பதே வழக்கம். ஜார்ஜியா பல்கலைக்கழக அணியின் வானொலி வர்ணனையை லாரி மன்சன் 1966-ல் தொடங்கி 2008 வரை செய்தார். தொலைக்காட்சியிலோ, எந்த ஆட்டம் வரலாம், ஓர் அணி எத்தனை முறை வரலாம் என்பதைக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு தன் பிடியில் வைத்திருந்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகத் தரப்புகள் தொடுத்த வழக்கில், அந்தப் பிடி ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதமானது என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மடை திறந்தது. 2007-ல் பிக் டென் நெட்வொர்க், 2014-ல் எஸ்இசி நெட்வொர்க், 2018-ல் ஈஎஸ்பிஎன் பிளஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2025-ல் மேல்தட்டுப் பிரிவில் மட்டும் 136 அணிகள். அடுத்த தட்டில் நூற்றுக்கும் மேல். முன்பு உள்ளூர்ப் பத்திரிகையில் நான்கு வரியோடு முடிந்துபோன ஆட்டங்களெல்லாம் இப்போது யாரோ ஒருவர் குரலில் நேரலையாக ஓடுகின்றன.

வேலை பெருகினால் கூலி உயர வேண்டும் அல்லவா? உயரவில்லை என்றால், பெருகியது எந்த வகை வேலை என்று பார்க்க வேண்டும். ஈஎஸ்பிஎன்னின் இணையச் சந்தாத் தளம் போன்றவற்றில் வரும் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றைப் படம்பிடித்துத் தயாரிப்பது தொலைக்காட்சி நிறுவனம் அல்ல, போட்டி நடக்கும் கல்லூரியே. கேமராவுக்குப் பின்னால் பல இடங்களில் மாணவர்கள். வர்ணனையாளரின் கூலி கல்லூரி விளையாட்டுத் துறையின் செலவுக் கணக்கில் போகிறது. தளத்துக்குச் சந்தா வருகிறது, கல்லூரிக்கு விளம்பரம் வருகிறது. வர்ணனையாளருக்குப் பெயர் கிடைக்கும் என்கிறார்கள்.

அவர் செய்யும் வேலையைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்க்கலாம். மைக்குக்கு முன்னால் ஒரு பெரிய அட்டை விரிந்திருக்கும். ஸ்பாட்டிங் போர்டு என்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் முதல் ஆட்டக்காரர், அவருக்கு மாற்று, இருவருடைய எண், உயரம், எடை, சொந்த ஊர், போன வாரம் செய்தது, காயம் உண்டா என்பதெல்லாம் இரண்டு மூன்று நிற மையில், கண் பட்டதும் வாயில் வரும்படி பொடி எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். அணிக்கு நூறு பேர் என்றால் இரண்டு அணிக்கு இருநூறு பேர். தொழில்முறை லீகில் இல்லாத தொல்லை ஒன்று இங்கே உண்டு: ஒரே அணியில் இருவர் ஒரே எண்ணை அணியலாம், ஒருவர் தாக்கும் அணியில், மற்றவர் தடுக்கும் அணியில். ஒரே நேரத்தில் இருவரும் களத்தில் இறங்கக் கூடாது என்பது மட்டுமே விதி. உதைத்த பந்தைத் தடுத்து 22-ஆம் எண் அள்ளிக்கொண்டு ஓடினால் அது எந்த 22 என்று அரை நொடியில் சொல்லியாக வேண்டும். பெயர்களைச் சரியாக உச்சரிப்பது தனிப் பாடம். சமோவா, டோங்கா வம்சாவளிப் பிள்ளைகள் நிறைய ஆடும் அணிகளில், மகன் பெயரைத் தவறாகச் சொன்னால் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு எப்படி இருக்கும்? இந்த அட்டை அந்த ஒரு சனிக்கிழமைக்குத்தான். அடுத்த வாரம் வேறு இரண்டு அணிகள், வேறு அட்டை. ஓர் அணியோடு ஊறிப்போன லாரி மன்சன் போன்றவருக்குப் பாதி அட்டை மனப்பாடம். ஊர் ஊராகப் போகும் ஃப்ரீலான்சருக்கு இரண்டு பக்கமும் புதிது.

போன ஆண்டு அட்டையைத் தூசி தட்டி எடுத்துக்கொள்ளலாமே என்றால் அதற்கும் வழியில்லை. கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதிய 2018-ல் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும், கல்லூரி மாறினாலும் ஓராண்டு காத்திருக்காமல் ஆடலாம் என்று 2021-ல் வந்த தளர்வும் சேர்ந்து, அணிகளை ஆண்டுதோறும் கலைத்துப் போடுகின்றன. நான்கு ஆண்டுகள் ஒரே சட்டையில் பார்த்துப் பழகிய முகம் என்பது அரிதாகி வருகிறது. ஒளிபரப்பின் நீளம் மாறவில்லை, அதற்கு முந்தைய வாரத்தின் நீளம் மாறிவிட்டது. கூலியோ ஒளிபரப்பை மட்டும் அளக்கிறது. அதையும் முழுதாக அளப்பதில்லை. மைதானத்தின் அருகில் மின்னல் வெட்டினால் ஆட்டம் குறைந்தது அரை மணி நேரம் நிற்கும். மீண்டும் வெட்டினால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து. ஆட்டம் நள்ளிரவைத் தாண்டினாலும், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசியவருக்கு அது ஒரே ஆட்டம்தான். பெற்ற தொகையிலிருந்து, சம்பளக்காரருக்கு நிறுவனம் பாதி கட்டும் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியை இவரே முழுதாக, 15.3 சதவீதம் கட்ட வேண்டும். வழக்கமான சீசன் ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. மிச்ச மாதங்களுக்குக் கூடைப்பந்து, வாலிபால், சாஃப்ட்பால் என்று எது வந்தாலும் எடுத்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை.

யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லையே, பிடித்துத்தானே வருகிறார்கள், இது ஏணியின் முதல் படி என்பது வழக்கமான மறுப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. புகழ்பெற்ற வர்ணனையாளர் கீத் ஜாக்சன்கூட 1952-ல் வாஷிங்டன் மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதுதான் தொடங்கினார். ஆனால் ஏணியின் மேல் படிகள் எண்ணிக்கையில் கூடவில்லை; கீழ்ப் படி மட்டும் அகலமாகிக்கொண்டே போகிறது. ஈஎஸ்பிஎன் 2017-லும் 2023-லும் சம்பளக்காரர்களையே திரையிலிருந்து இறக்கியது. “பிடித்துச் செய்கிறார்கள், வெளிச்சம் கிடைக்கிறது, போதாதா?” என்ற அதே பேச்சைத்தான் ஆட்டக்காரர்களிடமும் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆட்டக்காரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தக் கதையை ஏற்க மறுத்தது. 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற ஹவுஸ் வழக்கு உடன்பாட்டின்படி, முதல் ஆண்டான 2025-26-ல் ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்களுக்கு 2.05 கோடி டாலர் வரை நேரடியாகத் தரலாம் என்றானது. ஆட்டக்காரருக்குச் செல்லாத வாதம் வர்ணனையாளருக்கு மட்டும் ஏன் செல்ல வேண்டும்?

இரண்டாவது மறுப்பு வலுவானது. சில நூறு பேர் பார்க்கும் ஆட்டத்துக்குச் சிறு கல்லூரி எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? உண்மைதான், டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2023-ல் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கி, அவருக்கு 7.5 கோடி டாலருக்கு மேல் தரக் கடன்பட்டதைக் காட்டிச் சிறு கல்லூரியை மடக்குவது நியாயமாகாது. ஆனால் அந்தச் சிறு ஆட்டம் தனியாக விற்கப்படுவதில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் உண்டு என்று சொல்லித்தான் தளம் சந்தா வாங்குகிறது. மொத்தமாக விற்கும்போது மதிப்பு உண்டு, கூலி கொடுக்கும்போது மட்டும் தனித்தனியாகப் பார்த்தால் மதிப்பில்லை என்பது எந்த ஊர் வியாபாரம்? பார்வையாளருக்கும் இதில் நஷ்டம் உண்டு. பயணச் செலவை மிச்சப்படுத்த வர்ணனையாளரை மைதானத்துக்கு அனுப்பாமல் ஸ்டுடியோவில் மானிட்டர் முன் உட்காரவைக்கும் ஏற்பாடு 2020-க்குப் பிறகு பரவியது. கேமரா பந்தைத்தான் துரத்தும். பின்வரிசையில் தடுப்பவர் இரண்டு அடி முன்னேறியதையும், தூரத்து மூலையில் நடுவர் வீசிய மஞ்சள் கொடியையும் சட்டகத்துக்கு வெளியே பார்க்க மைதானத்தில் இரண்டு கண் வேண்டும்.

எல்லாரும் ஒன்றுகூடிக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தால் என்ன? அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஊழியர்கள் சங்கம் சேர்ந்து பேரம் பேசலாம். ஒப்பந்தக்காரர்கள் கூடி விலை வைத்தால் அது தொழில் போட்டியைக் கெடுக்கும் கூட்டு என்று கருதப்படக்கூடும். 1984-ல் ஆட்டங்களைத் திரைக்கு அவிழ்த்துவிட்ட அதே ஏகபோகத் தடைச் சட்டம்தான் இது. ஆகவே கூலிப் பேச்சு ஒவ்வொருவரும் கையெழுத்திடும் தாளில்தான் நடந்தாக வேண்டும்: ஆட்டத்துக்கு முன் ஆயத்தமாகும் நாள்களுக்குத் தனித் தொகை, குறித்த நேரத்தைத் தாண்டினால் கூடுதல், ஆட்டம் ரத்தானால் பாதியாவது. 2020-ல் பெருந்தொற்றால் பிக் டென் சீசனைத் தள்ளிவைத்து, பிறகு மனம் மாறி அக்டோபரில் தொடங்கியது. ரத்து பற்றிய வரி இல்லாத தாளுக்கு அப்படி ஓர் ஆண்டில் என்ன மதிப்பு இருக்கும்? பதிவான குரலை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்ற வரியையும் இனி சேர்த்தாக வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மூத்த வர்ணனையாளர் ஆல் மைக்கேல்ஸின் குரலைச் செயற்கை நுண்ணறிவில் உருவாக்கித் தினத் தொகுப்புகளை என்பிசி வெளியிட்டது. அது அவருடைய சம்மதத்தோடு நடந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் அழைக்கப்படுபவரிடம் சம்மதம் கேட்கப்படுமா என்பதை, அவர் படிக்காமல் கையெழுத்திடும் நாலாம் பக்கம்தான் தீர்மானிக்கும்.