நிலமும் பொழுதும்

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் எனத் தொல்காப்பியர் வகுத்ததை வகுப்பறையில் நாம் ஆண்டுதோறும் சொல்லிவருகிறோம். அதன் ஆழம் விளங்கியதோ ஒளிப்படக் கருவியைக் கையிலெடுத்த பின்னரே.

கூடலூர் வயல்களை நாம் முதன்முதல் எடுத்த படங்களில் நெற்பயிர் பசுமையாக இருந்தது. வானம் வெறும் வெள்ளைத்தாள். இது பழைய இடர்ப்பாடு. லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்தபோது விருப்பத்தால் இக்கலையைக் கற்றவர். 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரானார். 1858இல் மதுரையைப் படமெடுத்தார். அவர் கையாண்ட காகித நெகடிவ் நீல ஒளியை மிகுதியாக ஏற்பது. ஆதலின் வானம் வெளுத்துவிடும். நெகடிவின்மேல் வண்ணம் தீட்டி முகில்களை வரைந்து சேர்த்தார் அவர்!

இன்று தூரிகை வேண்டா. வானத்திற்கேற்ப ஒளியைக் குறைத்தால் முகில் தெளியும். ஆயின் வயல் இருளும். இரண்டும் ஒத்துவருவது வெயில் சாய்ந்து விழும் வேளையில்தான். நம் பள்ளத்தாக்கிலோ கிழக்கே மேகமலை, மேற்கே ஏலமலை. கதிரவன் மலைமுகட்டைத் தாண்டும்வரை வயல் நிழலில் கிடக்கும். தாண்டியபின் வெயில் விரைவில் கடுமையாகும். இடைப்பட்ட பொழுது மிகச் சிறிது. நாட்காட்டியின் உதய நேரத்தை நம்பி நாம் ஏமாந்த நாள்கள் பல.

மாணவர்க்குக் கற்பிக்கப் புகுந்தபோது, "ஏன் ஐயா அந்த நேரம்?" என்று ஒரு மாணவி வினவினாள். விடையின்றி நின்றோம். அதன்பின் ஓராண்டு ஒரே வரப்பில் நின்று, ஒவ்வொரு படத்திற்கும் நேரத்தையும் ஒளியளவையும் குறித்தோம். புதிய மாணவர்க்கு முதலில் தருவது அக்குறிப்பேட்டையே. மார்கழிப் பக்கத்தில், 'பனி விலகவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் கழித்து' என யாரோ நம்மைத் திருத்தியிருக்கிறார்கள்.