பச்சை விளக்கு யாருடைய சாட்சி?

போன் செயலியில் தொடும் ஒரு பட்டன், ரௌட்டர் வழியாக வைஃபை சில்லைப் போய்ச் சேரும் பாதையைச் சென்ற வாரம் பார்த்தோம். ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266 என்ற சில்லு, 2014-இல் பொழுதுபோக்காகச் சர்க்யூட் செய்பவர்களின் கைக்கு வந்தபிறகு, மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போனிலிருந்தே போடுவது கல்லூரி மாணவர் வீட்டிலேயே செய்துபார்க்கும் வேலையாகிவிட்டது. ஆனால் செய்தி போய்ச் சேர்வது பாதி வேலைதான். என்ன சொல்லி அனுப்புகிறோம், பதிலுக்கு எதைக் கேட்டு வாங்குகிறோம் என்பதில்தான் பெரும்பாலான செயலிகள் கோட்டை விடுகின்றன. செயலி ‘மாற்று’ என்று சொல்லக் கூடாது. ‘ஓடு’ அல்லது ‘நில்’ என்றே சொல்ல வேண்டும். பட்டன் பச்சையாவதும் விரல் பட்டதால் அல்ல, மோட்டார் ஓடுவதால் நடக்க வேண்டும்.

முதலில் ‘மாற்று’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஆரம்பப் பாடங்களில் வரும் நிரல்களில் ‘டாகிள்’ என்று ஒரு முகவரி இருக்கும். அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓடுவது நிற்கும், நின்றது ஓடும். வைஃபையில் செய்தி தொலைவது அன்றாடம். ‘மாற்று’ போய்ச் சேர்ந்து மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகு பதில் மட்டும் வழியில் தொலைந்தால், செயலி மறுபடி ‘மாற்று’ என்று அனுப்பும். ஓடிய மோட்டார் நின்றுவிடும். போன் பிரவுசரில் இன்னும் வேடிக்கை. மூடாமல் விட்ட பழைய பக்கத்தை அது தானாகவே மறுபடி ஏற்றும்போது, யாரும் தொடாமலே மோட்டார் ஓடும். ஒரு பக்கத்தைப் பார்க்கக் கேட்கும் ‘கெட்’ கோரிக்கை எதையும் மாற்றக் கூடாது என்று இணைய விதிகள் நெடுங்காலமாகவே சொல்லிவருகின்றன. அவசரத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை. ‘ஓடு’ என்ற செய்திக்கு இந்தத் தொல்லையே இல்லை. பத்து முறை போய்ச் சேர்ந்தாலும் விளைவு ஒன்றுதான்.

அடுத்தது பதில். 1979 மார்ச் 28 அதிகாலையில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தம் ஏறியபோது திறந்துகொண்ட ஒரு வால்வு, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கோ அணைந்துவிட்டது. அந்த விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் வால்வை இயக்கும் சோலனாய்டுக்கு மின்சாரம் போகிறதா இல்லையா என்பதுதான். வால்வு நிஜமாக மூடியதா என்பதை அது பார்க்கவே இல்லை. விளக்கை நம்பியவர்கள் வால்வு மூடிவிட்டதாகவே நினைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் மையத்தில் ஒரு பகுதி உருகியது. அந்த விபத்துக்குக் காரணங்கள் வேறும் உண்டு. ஆனாலும், உத்தரவைக் காட்டும் விளக்கை நிலையைக் காட்டும் விளக்காக எடுத்துக்கொண்ட அதே பிழைதான் இன்று நம் போன் திரைகளிலும் இருக்கிறது.

“இதற்கெல்லாம் எம்க்யூடிடி இருக்கிறதே” என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இருக்கிறது, கருவிகள் செய்தி பரிமாறிக்கொள்ள நல்ல நெறிமுறைதான். 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க வடிவமைத்தது. ‘சரியாக ஒரே ஒரு முறை’ கொண்டுசேர்க்கும் உத்தரவாதமும் அதில் உண்டு. ஆனால் அந்த உத்தரவாதம் போனுக்கும் நடுவிலிருந்து செய்திகளை வாங்கிக் கொடுக்கும் சர்வரான புரோக்கருக்கும் இடையில் ஒன்று, புரோக்கருக்கும் சில்லுக்கும் இடையில் இன்னொன்று. மோட்டார்வரை அது நீளாது. வாட்ஸ்அப்பின் இரண்டு டிக் மாதிரி: செய்தி வந்துவிட்டது, அவ்வளவுதான். இதே எம்க்யூடிடியில் ‘ரிட்டெய்ன்’ என்ற வசதி ஒன்று, கடைசிச் செய்தியைப் புரோக்கரிடமே தேக்கி வைக்கும். ‘ஓடு’ என்ற உத்தரவை அப்படித் தேக்கினால், கரன்ட் போய் நள்ளிரவில் திரும்பும்போது, உயிர்பெற்ற சில்லு காலையில் போட்ட உத்தரவைப் புதிதாக வாங்கி மோட்டாரைப் போட்டுவிடும். தேக்க வேண்டியது நிலையை, உத்தரவை அல்ல. உத்தரவுக்குக் காலாவதி நேரம் குறிக்கும் வசதி 2019-இல் தரநிலையாக ஏற்கப்பட்ட ஐந்தாம் பதிப்பில் வந்தது. மலிவான செயலிகள் அதைத் தொடுவதில்லை.

சரி, சில்லே ‘ஓடுகிறது’ என்று பதில் சொன்னால்? பெரும்பாலான நிரல்களில் அந்தப் பதிலின் பொருள், மோட்டாரின் சுவிட்சாக இருக்கும் ரிலேவுக்குப் போகும் பின்னில் மின்னழுத்தத்தை மாற்றிவிட்டேன் என்பது மட்டுமே. ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம், கெபாசிட்டர் போயிருக்கலாம், ஃபியூஸ் எரிந்திருக்கலாம். மோட்டாரைக் கேட்க வேண்டுமானால் அதற்குப் போகும் கரன்ட்டை அளக்க வேண்டும். அதற்கு ஒரு சிடி காயில் போதும். மோட்டாருக்குப் போகும் ஒயர்களில் ஒன்றை மட்டும் அதன் வளையத்துக்குள் நுழைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து நுழைத்தால் போவதும் வருவதும் கழிந்து பூஜ்யம் காட்டும். இஎஸ்பி8266 சில்லில் இப்படி அளவெடுக்க ஒரே ஒரு பின்தான், அதுவும் 1 வோல்ட்டுக்குள். ஆனால் அந்த ஒரு பின் சொல்லும் கதை பெரிது: கரன்ட் இல்லையென்றால் ஓடவில்லை, வழக்கத்தைவிடக் குறைந்தால் தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றுகிறது, எகிறினால் எங்கோ இறுகியிருக்கிறது.

ஒரு பல்பைப் போடுவதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். பல்புக்கு வேண்டாம், எதிரிலேயே எரிகிறது, கண்ணே சாட்சி. ஆனால் போனில் மோட்டார் போடுகிறவர் பெரும்பாலும் மோட்டார் பக்கத்தில் இல்லாதவர். இன்னொரு ஆட்சேபம், பதிலுக்குக் காத்திருந்தால் செயலி மந்தமாகத் தெரியும் என்பது. இதில் நியாயம் உண்டு. தொட்டவுடன் திரையில் ஏதாவது அசையாவிட்டால் மனிதர்கள் மறுபடி மறுபடி தட்டுவார்கள். அதற்கு வழி பொய்ப் பச்சை அல்ல. தொட்டவுடன் மஞ்சளாகி ‘அனுப்பியாயிற்று’ என்று காட்டட்டும். கரன்ட் ஓடும் செய்தி வந்தபின் பச்சையாகட்டும். சில விநாடிகளில் வராவிட்டால் சிவப்பாகி ‘மோட்டாரிடமிருந்து பதில் இல்லை’ என்று சொல்லட்டும். அலுவலகத்தில் இருப்பவர் போனிலும் வீட்டில் இருப்பவர் போனிலும் அப்போது ஒரே நிறம்தான் தெரியும். அந்த வீட்டு வைஃபையில் நுழைந்துவிடும் மூன்றாவது போன் ஒன்று ‘ஓடு’ என்று சொன்னால் சில்லு ஏன் கீழ்ப்படிகிறது என்பது அடுத்த வாரத்துக்கு.