தரங்கம்பாடி லுத்தரன் சபையும் உலகத் திருச்சபையின் மறைப்பணியும்: உபதேசியார் பணிநிலையை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

தரங்கம்பாடி மறைப்பணி குறித்த தமிழியல் ஆய்வுகள் பெரும்பாலும் அச்சு, மொழிபெயர்ப்பு, அகராதி, இலக்கணம் ஆகிய துறைகளில் ஐரோப்பியர் ஆற்றிய பணிகளையே மையப்படுத்துகின்றன. அந்நூல்களைக் கற்றும் கற்பித்தும் வந்த தமிழ்ச் சபையார் அவ்வாய்வுகளில் பின்புலமாகவே நிற்கின்றனர். ஐரோப்பா வழங்கும் இடம், தமிழ்ச் சபை பெறும் இடம் என்னும் எண்ணம் இதனால் நிலைபெறுகிறது. சபையின் அன்றாட இயக்கத்தை நோக்கின் இவ்வெண்ணம் பாதி உண்மையே என்பது புலப்படும். சபையையும் உலகத் திருச்சபையையும் இணைத்த பாலமாக உபதேசியார் பணிநிலை விளங்கியதையும், அப்பாலத்தின் எல்லை எங்கு வரையப்பட்டது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

லுத்தரன் மரபில் சபை

1530ஆம் ஆண்டின் ஆக்சுபர்க் விசுவாச அறிக்கை, நற்செய்தி தூய்மையாகப் போதிக்கப்பட்டுத் திருவருட்சாதனங்கள் முறையாக வழங்கப்படும் மக்கள் கூட்டமே திருச்சபை என வரையறுக்கிறது. மனிதர் வகுத்த சடங்குமுறைகள் எங்கும் ஒன்றாக இருத்தல் வேண்டுவதில்லை என்பதும் அதன் கருத்து. இவ்வரையறையிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, ஓர் ஊரில் கூடும் சிறு சபையும் திருச்சபையின் முழுமையைத் தன்னுள் கொண்டது. மற்றொன்று, போதனை கேட்போர்க்கு விளங்கும் மொழியில் அமைதல் வேண்டும். எனவே தாய்மொழி வழிபாடும் ஞானோபதேசக் கல்வியும் லுத்தரன் சபை வாழ்வின் அடிப்படைகளாயின.

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கால் அனுப்பப்பட்ட சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 சூலை 9 அன்று தரங்கம்பாடி வந்தனர். 1707 மே 12 அன்று ஐவர் திருமுழுக்குப் பெற்றனர். அவ்வாண்டு ஆகத்து 14 அன்று முதல் ஆலயம் திறக்கப்பட்டது. இன்றும் நிற்கும் புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபர் 11 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. லூத்தரின் சிற்றேடான ஞானோபதேசம் தமிழில் பெயர்க்கப்பட்டு, சிறுவரும் திருமுழுக்கு வேண்டுவோரும் மனனம் செய்யும் பாடமாயிற்று.

மூன்று நகரங்களும் ஒரு சபையும்

இச்சபை ஒரே காலத்தில் மூன்று ஐரோப்பிய நகரங்களோடு தொடர்பு கொண்டிருந்தது. அதிகாரமும் அரச உதவியும் கோபனேகனிலிருந்து வந்தன. மறைப்பணியாளரும் அன்பர்களின் நன்கொடையும் செருமனியின் ஹாலே நகரிலிருந்து வந்தனர். இலண்டனைச் சார்ந்த ஆங்கிலிக்கக் கழகமான கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அச்சுப்பொறியும் பொருளுதவியும் வழங்கியது. ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகளைக் கொண்டு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டின் முதற்பகுதி 1714இல் அச்சாயிற்று; முழுமையும் 1715இல் அச்சில் நிறைவுற்றது.

இவ்வுதவிகளுக்கு ஈடாகத் தரங்கம்பாடி அனுப்பியது செய்தி. 1710 முதல் ஹாலேயில் வெளியிடப்பட்ட மறைப்பணி அறிக்கைகள் சபையின் வளர்ச்சி, ஊர்ப்பயணம், உரையாடல், நாட்டு வழக்கம் ஆகியவற்றை ஐரோப்பிய வாசகர்க்கு எடுத்துரைத்தன. வாசித்தோர் பொருள் ஈந்தனர். அப்பொருள் பள்ளிகளையும் பணியாளரையும் தாங்கியது. ஆகவே சபையின் அன்றாட வாழ்வே மறைப்பணியைத் தொடர்ந்து இயக்கிய அறிவுப் பொருளாயிற்று எனலாம்.

உபதேசியார் பணிநிலை

இந்த அறிவைத் திரட்டித் தந்தோருள் உபதேசியார் முதன்மையானவர். டேனிசு எல்லைக்கு அப்பால் தஞ்சை மன்னரின் ஆட்சிப் பகுதியில் ஐரோப்பியப் பணியாளர் விரும்பியவாறு செல்ல இயலாத நிலை நீண்டகாலம் இருந்தது. அங்கிருந்த சிற்றூர்ச் சபைகளைக் கூட்டி, செபம் நடத்தி, ஞானோபதேசம் கற்பித்து, நோயாளரைச் சந்தித்து, நிகழ்ந்தவற்றைத் தரங்கம்பாடிக்குத் தெரிவித்தோர் உபதேசியார்களே. அவர்தம் கூற்றுகளும் மடல்களும் செருமானிய மொழிபெயர்ப்பில் ஹாலே அறிக்கைகளில் இடம்பெற்றன.

இராசநாயக்கன் இதற்குத் தக்க சான்று. தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய கத்தோலிக்கரான இவர், தரங்கம்பாடியில் அச்சான தமிழ் நற்செய்தி நூலைப் படித்ததன் வழியாக லுத்தரன் சபையை நாடிவந்தார். இங்கு நூல் மறைப்பணியாளரை முந்திச் சென்று வாசகரைச் சேர்ந்தது. அவ்வாசகரோ தம்மூராரிடையே சபையை உருவாக்கினார்.

பாலத்தின் எல்லை

உபதேசியார் நிலையிலிருந்து குருத்துவ நிலைக்கு உயர்தல் என்பது உலகத் திருச்சபை தமிழ்ச் சபையைத் தனக்கு நிகராக ஏற்றதா என்பதற்கான சோதனையாகும். 1733 திசம்பர் 28 அன்று கடலூரைச் சேர்ந்த ஆரோன் குருவாக அருட்பொழிவு பெற்றார். சீர்திருத்தத் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற் குருப்பட்டம் இதுவே. 1741இல் தியோகு இரண்டாமவரானார்.

ஆற்றலில் குறையாதவராகக் கருதப்பட்ட இராசநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். அவர் பறையர் குலத்தவர். அவர் கையால் வேளாளக் கிறித்தவர் திருவிருந்து பெற இசையார் என்பது மறைப்பணியாளர் முன்வைத்த காரணம். ஆலயத்தில் சாதிவாரியான தனியிருக்கை வழக்கும் அந்நூற்றாண்டில் நிலவியது. மனித வழக்குகள் இடந்தோறும் வேறுபடலாம் என்னும் கோட்பாடு, தாய்மொழிக்கு வழிதிறந்தது போலவே, சாதியை வெறும் உலகியல் வழக்காகக் கொண்டு பொறுத்துக்கொள்ளவும் இடமளித்தது. ஒரே கொள்கையின் இவ்விரு விளைவுகளையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும்.

தன்னாட்சியை நோக்கி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தரங்கம்பாடிப் பணியை லைப்சிக் மறைப்பணிக் கழகம் ஏற்றது. முதல் உலகப்போரில் செருமானியப் பணியாளர் வெளியேற்றப்பட, சுவீடன் திருச்சபையின் மறைப்பணி பொறுப்பேற்றது. இப்பின்னணியில் 1919 சனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. அதன் முதற்பேராயராக 1921இல் அமர்ந்தவர் சுவீடன் நாட்டவரான எர்ன்சுட்டு ஹியூமன். 1956இல்தான் இராசா மாணிக்கம் அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரானார். ஆரோனின் அருட்பொழிவிற்கும் இந்நிகழ்விற்கும் இடைப்பட்ட காலம் 223 ஆண்டுகள். ஊர்ச்சபையில் தமிழர் தலைமை தொடக்கத்திலேயே இயங்கியது. அமைப்பின் உச்சியில் அது ஏற்கப்படவே இத்துணைக் காலம் தேவைப்பட்டது.

முடிவுரை

சபைக்கும் உலக மறைப்பணிக்கும் இடையிலான உறவு இருவழிப்பட்டது. பொருளும் பொறியும் ஐரோப்பாவிலிருந்து வந்தன. செய்தியும் உழைப்பும் தமிழ்ச் சபையிலிருந்து சென்றன. இரண்டையும் இணைத்த உபதேசியாரின் சொற்களுள் பல இன்று செருமானிய மொழிபெயர்ப்பிலேயே கிடைக்கின்றன. ஆதலின் ஹாலே அறிக்கைகளை மறைப்பணியாளர் வரலாறாக மட்டுமன்றி, தமிழ்ப் பேச்சும் மடலும் உருமாறி நிற்கும் ஆவணங்களாகவும் பயிலுதல் தேவை. அவ்வாறு பயிலும்போது யார் எழுதினார் என்பதோடு, யாருடைய சொல் எவர் பெயரில் நிலைபெற்றது என்பதையும் தமிழ் உரைநடை வரலாறு கணக்கில் கொள்ளும்.