வென்றும் அழைக்கப்படாத அணி: சான் பிரான்சிஸ்கோ கத்தோலிக்கக் கல்லூரியின் விளையாட்டு வரலாறு

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி, 1951-ஆம் ஆண்டுப் பருவத்தில் தான் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. ஆயினும் பருவ நிறைவில் நடைபெறும் புத்தாண்டுப் போட்டிகள் எதற்கும் அந்த அணி அழைக்கப்படவில்லை. அணியில் இருந்த இரண்டு கறுப்பின வீரர்களை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு என்று தெரிவிக்கப்பட்டபோது, ஏனைய வீரர்கள் அதற்கு இணங்க மறுத்தனர். பருவம் முடிந்த கையோடு அந்த அணியே கலைக்கப்பட்டது. அதே கல்லூரி 31 ஆண்டுகளுக்குப் பின், நாடறிந்த தனது கூடைப்பந்து அணியை எவருடைய உத்தரவும் இன்றித் தானே நிறுத்திவைத்தது.

கோப்பைகளும் சாதனைகளும் இக்கல்லூரிக்குக் குறைவில்லை. எனினும் அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் அதன் பெயர் நிலைத்திருப்பது, வென்றவற்றைக் காட்டிலும் வேண்டாம் என்று மறுத்தவற்றால்தான்.

இயேசு சபையின் கல்லூரி

திருச்சி புனித வளனார் கல்லூரி, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி, சென்னை லயோலா கல்லூரி ஆகியவற்றை நடத்திவரும் இயேசு சபைத் துறவியரே சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தையும் நிறுவினர். கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்ததைத் தொடர்ந்து மக்கள் திரண்டு குடியேறிக்கொண்டிருந்த காலத்தில், 1855-ஆம் ஆண்டு, இத்தாலியரான அந்தோணி மராஸ்கி என்ற துறவி இதனைப் புனித இஞ்ஞாசியார் பெயரில் ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கினார். 1906-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த தீயும் கல்லூரிக் கட்டடங்களை முற்றிலும் அழித்தன. 1930-ஆம் ஆண்டில்தான் இன்றைய பெயர் சூட்டப்பட்டது. இக்கல்லூரியின் அணிகள் 'டான்ஸ்' என்று அழைக்கப்படுகின்றன.

இங்கு நடந்தவற்றைப் புரிந்துகொள்ள, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்வது அவசியம். இந்தியாவில் ஒரு விளையாட்டு வீரர் பெரும்பாலும் மாவட்ட, மாநிலச் சங்கங்கள் அல்லது மன்றங்கள் வழியே மேலே வருகிறார். கல்லூரி அணி என்பது அவருக்கு ஓர் இடைநிலை மட்டுமே. அமெரிக்காவில் கல்லூரியே தொழில்முறை விளையாட்டுக்கான வாயில். பள்ளியில் திறமை காட்டும் மாணவருக்கு உதவித்தொகை அளித்துக் கல்லூரிகள் அழைத்துக்கொள்கின்றன. ஆட்டங்களுக்குப் பல்லாயிரம் பேர் கட்டணம் செலுத்தி வருகின்றனர்.

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், அக்காலத்தில் தேசிய அளவிலான நாக்-அவுட் போட்டி இல்லை. நாளிதழ் செய்தியாளர்கள் வாக்களித்துத் தரவரிசை வெளியிடுவர். பருவம் முடிந்ததும் மயாமி, நியூ ஆர்லியன்ஸ், டல்லஸ் போன்ற நகரங்களின் அமைப்புக் குழுக்கள் தாங்கள் விரும்பும் அணிகளைப் புத்தாண்டை ஒட்டிய 'பவுல்' போட்டிகளுக்கு அழைக்கும். அழைக்கப்படும் கல்லூரிக்கு நுழைவுக் கட்டண வருவாயில் பங்கு கிடைக்கும்.

கலிபோர்னியாவில் நடைபெறும் ரோஸ் பவுல் போட்டி, 1947-ஆம் ஆண்டு முதல் இரண்டு குறிப்பிட்ட கல்லூரிக் கூட்டமைப்புகளின் அணிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. சான் பிரான்சிஸ்கோ எந்தக் கூட்டமைப்பையும் சேராத அணி. ஆகவே அதற்கு எஞ்சியிருந்த பெரிய வாய்ப்புகள் அனைத்தும், இன ஒதுக்கல் சட்டமாகவும் வழக்கமாகவும் இருந்த தென்மாநிலங்களில்தான் இருந்தன.

1951: ஒன்பது வெற்றிகள்

ஜோ குஹாரிச் பயிற்சியளித்த அந்த அணியின் மையமாகத் திகழ்ந்தவர் ஆலி மேட்சன். பந்தை ஏந்தி ஓடியே அப்பருவத்தில் 1,566 கெஜம் கடந்தார். நாட்டிலேயே அதுதான் அதிகம். நியூயார்க்கின் மற்றோர் இயேசு சபைக் கல்லூரியான ஃபோர்டாமை 32–26 என்ற கணக்கில் வென்ற ஆட்டத்தில், எதிரணி உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்து ஆடுகளத்தின் மறுமுனை வரை ஓடிய அவரது ஓட்டங்கள் நெடுங்காலம் பேசப்பட்டன. மெம்ஃபிஸ் நகரில் பிறந்த பர்ல் டோலர் தடுப்பாட்டத்தின் தூண். இவ்விருவருமே அணியின் கறுப்பின வீரர்கள். இரண்டாம் உலகப் போரில் பங்கேற்றுத் திரும்பியிருந்த ஜினோ மார்கெட்டி, நெடிய உருவம் கொண்ட பாப் செயின்ட் கிளேர் ஆகியோரும் உடன் ஆடினர். மேட்சன், மார்கெட்டி, செயின்ட் கிளேர் மூவரும் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மன்றத்தில் இடம்பெற்றனர். ஒரே ஆண்டின் ஒரே கல்லூரி அணியிலிருந்து மூவர் அந்தச் சிறப்பைப் பெறுவது மிக அரிது.

பருவத்தின் இறுதி ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலிசின் லயோலா அணியை 20–2 என்ற கணக்கில் சான் பிரான்சிஸ்கோ வென்றது. ஆட்டம் நடந்த இடம் ரோஸ் பவுல் மைதானம்! தனக்கு வாய்ப்பே இல்லாத ஒரு போட்டியின் களத்தில் அந்த அணி தன் கடைசி வெற்றியைப் பெற்றது.

மேட்சனையும் டோலரையும் அழைத்து வராவிட்டால் மயாமியின் ஆரஞ்சு பவுல் போட்டிக்கு வரலாம் என்ற செய்தி அதன் பின்னரே கிடைத்தது. அணியினர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததன்படி, இதைப் பற்றி அவர்களிடையே விவாதமே எழவில்லை. இருவரும் இல்லாமல் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விடையாகவே இருந்தது. அணி எதிர்கொண்ட கல்லூரிகள் வலுவற்றவை என்பதால் அழைக்கவில்லை என்றும் ஒரு காரணம் கூறப்பட்டதுண்டு. அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில் 14-ஆம் இடத்தில் இருந்த அணிக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தலாம். ஆனால் தென்மாநிலப் போட்டிகளில் நிலவிய சூழலை அறிய வேறோர் ஆட்டத்தைப் பார்த்தால் போதும். நான்கு ஆண்டுகள் கழித்து, பிட்ஸ்பர்க் அணியில் பாபி கிரியர் என்ற ஒரே ஒரு கறுப்பின வீரர் இருந்தார் என்பதற்காக, சுகர் பவுல் போட்டியில் அவ்வணியுடன் ஜார்ஜியா டெக் ஆடக் கூடாது என்று ஜார்ஜியா மாநில ஆளுநரே எதிர்ப்புத் தெரிவித்தார். எதிர்ப்பை மீறி 1956 ஜனவரியில் அந்த ஆட்டம் நடைபெற்றது.

அழைப்பு வந்திருந்தால் அந்த வருவாய் அணியைக் காப்பாற்றியிருக்கும் என்ற எண்ணம் சான் பிரான்சிஸ்கோவில் இன்றும் உண்டு. அது முழுமையான உண்மையாக இருக்க இயலாது. சொந்த மைதானம் இல்லாத கல்லூரி, நகராட்சியின் கீசார் மைதானத்தில் ஆடிவந்தது. அதே மைதானத்தில் ஆடிய 'ஃபோர்ட்டிநைனர்ஸ்' தொழில்முறை அணி 1950-இல் தேசிய கால்பந்து லீகில் இணைந்ததும் ரசிகர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தனர். தொலைக்காட்சியும் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஜார்ஜ்டவுன், செயின்ட் மேரீஸ், லயோலா, சான்டா கிளாரா, ஃபோர்டாம் எனக் கத்தோலிக்கக் கல்லூரிகள் பலவும் 1950-க்கும் 1954-க்கும் இடையே ஒவ்வொன்றாகக் கால்பந்தைக் கைவிட்டன. பவுல் வருவாய் அந்த முடிவை ஓராண்டு தள்ளிப்போட்டிருக்கலாம், அவ்வளவே.

கலைந்தவர்கள் சென்ற இடங்கள் வியப்பளிப்பவை. மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வென்றார். பின்னர் தொழில்முறை ஆட்டத்தில் அவர் ஒருவரைப் பெறுவதற்காக 1959-இல் ஓர் அணி ஒன்பது பேரை விட்டுக்கொடுத்தது. டோலரின் ஆட்ட வாழ்வு 1952-இல் ஏற்பட்ட முழங்கால் காயத்தால் தொடங்கும் முன்பே முடிந்தது. அவர் ஆசிரியரானார். 1968-இல் சான் பிரான்சிஸ்கோவின் இடைநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் முதல் கறுப்பினத் தலைமையாசிரியர் என்ற பெருமையைப் பெற்றார். அதற்கு முன்னரே, 1965-இல், தேசிய கால்பந்து லீகின் முதல் கறுப்பின நடுவராக நியமிக்கப்பட்டிருந்தார். அப்போது அந்த லீகின் ஆணையராக இருந்தவர் பீட் ரோசெல். 1951-இல் இதே கல்லூரி அணியின் செய்தித் தொடர்பாளராக இருந்த இளைஞர்தான் அவர்.

கூடைப்பந்தின் பொற்காலம்

அமெரிக்கக் கால்பந்து மறைந்த நான்கே ஆண்டுகளில், கல்லூரிக் கூடைப்பந்தின் உச்சியை சான் பிரான்சிஸ்கோ தொட்டது. ஓக்லண்டில் பள்ளிப்படிப்பை முடித்த பில் ரஸ்ஸலுக்கு உதவித்தொகை தர முன்வந்த ஒரே கல்லூரி இது. பயிற்சியாளர் ஃபில் வூல்பர்ட், ரஸ்ஸல், கே.சி. ஜோன்ஸ், ஹால் பெர்ரி ஆகிய மூன்று கறுப்பின வீரர்களைத் தொடக்க ஐவரில் சேர்த்தார். அக்காலத்தில் பெரிய கல்லூரிகள் செய்யத் துணியாத செயல் அது. அதற்காக அவருக்கு வசைக் கடிதங்கள் வந்தன.

கல்லூரிக்கெனத் தகுந்த உள்ளரங்கம்கூட இல்லை. உயர்நிலைப் பள்ளியின் கூடத்தில் பயிற்சி செய்துவிட்டு, ஆட்டங்களுக்கு வெவ்வேறு அரங்குகளை நாடினர். 1954 டிசம்பரில் ஓக்லஹோமா நகரில் நடந்த போட்டிக்குச் சென்றபோது, நகரின் விடுதிகள் கறுப்பின வீரர்களுக்கு இடமளிக்க மறுத்தன. அணியினர் பிரிந்து தங்கவில்லை. விடுமுறையால் காலியாக இருந்த ஒரு கல்லூரி விடுதியில் அனைவரும் ஒன்றாகத் தங்கினர். 1951-இன் விடை அணிக்கு அணி கைமாறியிருந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

அந்த மாதம் யூசிஎல்ஏ அணியிடம் கண்ட ஒரு தோல்விக்குப் பின், தொடர்ந்து 60 ஆட்டங்களில் சான் பிரான்சிஸ்கோ வென்றது. 1955 இறுதியாட்டத்தில் மற்றொரு கத்தோலிக்கக் கல்லூரியான லா சாலை 77–63 என்றும், 1956 இறுதியாட்டத்தில் அயோவாவை 83–71 என்றும் வீழ்த்தியது. இரண்டாம் பருவத்தில் ஆடிய 29 ஆட்டங்களிலும் வெற்றி. ஒரு தோல்விகூட இல்லாமல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கோப்பையை வென்ற முதல் அணி இதுவே.

ரஸ்ஸலின் ஆற்றல் விதிகளையே மாற்றியது. தாக்கும் அணியின் வீரர் மூன்று விநாடிகளுக்கு மேல் நிற்கக் கூடாத, கூடைக்கு முன்புறமுள்ள பகுதியின் அகலம் 6 அடியிலிருந்து 12 அடியாக அதிகரிக்கப்பட்டது. கூடைக்கு அருகிலேயே நின்று பந்தைக் கைப்பற்றுவோரைத் தள்ளி நிறுத்துவதே நோக்கம். அதன் பிறகும் அவரே வென்றார். ரஸ்ஸலும் ஜோன்சும் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் இணைந்தனர். அங்கு 13 பருவங்களில் 11 கோப்பைகளை ரஸ்ஸல் பெற்றார். 1966-இல் தேசிய கூடைப்பந்து லீகின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரானார். வூல்பர்ட்டோ புகழின் நெருக்கடியைத் தாங்க இயலாமல் விலகி, வாஷிங்டன் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். இந்த வெற்றிகளின் பயனாக 1958-இல் கல்லூரிக்கு ஒருவழியாகச் சொந்த உள்ளரங்கம் கிடைத்தது.

நாம் அறிந்த கால்பந்திலும் இக்கல்லூரிக்கு இடமுண்டு. ருமேனியாவில் வளர்ந்த ஸ்டீவ் நெகோயெஸ்கோவின் பயிற்சியில் 1966, 1975, 1976, 1980 ஆகிய ஆண்டுகளில் தேசியக் கோப்பையை வென்றது. 1978-இல் பெற்ற கோப்பை, தகுதியற்ற வீரர் ஆடியதற்காகப் பறிக்கப்பட்டது.

தானே இட்ட பூட்டு

கூடைப்பந்து அணி 1977-இல் மீண்டும் நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. ஆனால் அதற்குள் பணம் படைத்த ஆதரவாளர்களின் கை அணிக்குள் நீண்டிருந்தது. சில ஆண்டுகளில் இருமுறை விளையாட்டுச் சங்கத்தின் தண்டனைக்குக் கல்லூரி ஆளானது. பின்னர் முன்னணி வீரர் ஒருவர் மாணவி ஒருவரைத் தாக்கிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். செய்யாத வேலைக்காக ஓர் ஆதரவாளரிடம் மாதம் ஆயிரம் டாலர் பெற்றுவந்ததும் அந்த விசாரணையில் வெளிவந்தது.

1982 ஜூலையில் கல்லூரித் தலைவர் ஜான் லோ ஷியாவோ அடிகளார் கூடைப்பந்து அணியை நிறுத்துவதாக அறிவித்தார். பெரும் கல்லூரி ஒன்று தன் முதன்மை அணியை, வெளியார் கட்டாயம் ஏதுமின்றி, ஒழுங்கின் பொருட்டு மூடியது அன்று கேள்விப்படாத செய்தி. முன்னாள் மாணவர்கள் பலர் கொதித்தனர். அணி 1985-இல் புதிய பயிற்சியாளருடன் மீண்டது. இழந்த வலிமை மட்டும் எளிதில் திரும்பவில்லை. தேசியப் போட்டிக்கு 1998-இல் தகுதி பெற்ற அணி, அடுத்த முறை அங்கு ஆட 2022 வரை காத்திருந்தது.

1951 அணியின் எஞ்சிய வீரர்களுக்குக் கல்லூரி 2006-இல் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. கல்லூரியின் அறங்காவலர் குழுவிலும் இடம்பெற்ற டோலர் 2009-இலும், மேட்சன் 2011-இலும் காலமாயினர். டோலர் தலைமையாசிரியராக இருந்த பள்ளி வளாகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அமெரிக்கக் கால்பந்து பிற்காலத்தில் கீழ்நிலைப் பிரிவில் சிறிது காலம் ஆடப்பட்டது. முதன்மைப் பிரிவுக்கு அது இதுவரை திரும்பவில்லை.