குரோவ் தெருவை மறந்த கதை

கிழக்குத் தாம்பரத்தில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில், மெயில் பார்க்க வந்தவர்களைவிட ‘வைஸ் சிட்டி’ ஆட வந்த கல்லூரிப் பையன்கள்தான் அதிகம். ராக்ஸ்டார் நிறுவனம் 2002இல் வெளியிட்ட குற்ற உலக விளையாட்டு அது. அதன் அடுத்த பாகமான ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ 2004 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2க்கும் 2005 ஜூனில் கம்ப்யூட்டருக்கும் வந்தது. இவற்றைத் திறந்த உலக விளையாட்டு என்பார்கள். கொடுத்த வேலையைச் செய்யாமல் ஊர் சுற்றிக்கொண்டே இருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

வைஸ் சிட்டியில் மயாமியைப் பார்த்துச் செய்த ஒரே நகரம். சான் ஆண்ட்ரியாஸில் லாஸ் ஏஞ்சலீஸ், சான் பிரான்சிஸ்கோ, லாஸ் வேகாஸ் சாயலில் மூன்று நகரங்கள். அவற்றுக்கு இடையே வயல், காடு, மலை, பாலைவனம். வண்டலூரைத் தாண்டியதும் ஜிஎஸ்டி சாலையில் கட்டடங்கள் விலகி வெளி தெரியுமே, அப்படி ஊர் விட்டு ஊர் போகும் உணர்வு அதில் நிஜமாகவே கிடைத்தது. அதற்குப் பாதிக் காரணம் பனிமூட்டம். பிளேஸ்டேஷன் 2இன் மெமரி 32 எம்பிதான். தொலைவில் இருப்பதை வரைய முடியாத குறையை மூட்டம் மறைத்தது, உலகமும் பெரிதாகத் தெரிந்தது. 2021 மறுபதிப்பில் மூட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு நகரத்தில் நின்றால் அடுத்த நகரம் தெரிந்தது, அந்த மாயம் போயிற்று.

வைஸ் சிட்டியின் நாயகன் தண்ணீரில் விழுந்தால் செத்துப்போவான். சான் ஆண்ட்ரியாஸின் நாயகன் சிஜே நீந்துவான், அதிகம் தின்றால் பெருப்பான், ஜிம்முக்குப் போனால் இளைப்பான். பையன்கள் இதையே மணிக்கணக்கில் செய்தார்கள்.

கதையும் அருமையாகத்தான் தொடங்குகிறது. 1992. தாய் கொல்லப்பட்ட செய்தி கேட்டு, ஐந்து வருடம் கழித்து குரோவ் தெருவுக்குத் திரும்புகிறான் சிஜே. அவனை மிரட்டும் ஊழல் போலீஸ்காரனுக்குக் குரல் கொடுத்தவர் சாமுவேல் எல். ஜாக்சன். ஒரு தெரு, ஒரு குடும்பம், ஒரு துரோகம். அதைப் பாதியில் விட்டுவிட்டு ராணுவ முகாமில் ஜெட்பேக் திருடவும் சூதாட்ட விடுதியைக் கொள்ளையடிக்கவும் அனுப்புகிறார்கள். அண்ணன் ஜெயிலில் கிடக்கிறான், தெருவின் பேச்சே இல்லை. கடைசியில் கலவரத்தோடு அங்கே திரும்பும்போது பழைய சூடு ஆறிவிடுகிறது. இதுதான் இதன் பெரிய குறை.

இன்னொன்று, விமானம் ஓட்டும் பயிற்சி. அதைத் தேறாமல் கதை நகராது. விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி இருக்கும் எங்கள் தாம்பரத்தில் வானத்தில் நிஜப் பயிற்சி விமானங்கள் பறக்கும். உள்ளே கீபோர்டோடு மல்லாடும் பையன், “அண்ணா, இத மட்டும் நீங்க முடிச்சுக் குடுங்களேன்” என்பான்.

பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் மேலோட்டம். ஒளித்துவைத்த ஆபாசக் காட்சி வெளிப்பட்டதால், 2005 ஜூலையில் அமெரிக்கத் தரச்சான்று அமைப்பு வயது வரம்பை 17இலிருந்து 18 ஆக்கியது. பள்ளிச் சீருடையில் வந்தவர்களை நான் இதில் உட்காரவிட்டதே இல்லை. இன்று இது செல்போனிலேயே கிடைக்கிறது. உங்கள் பிள்ளை கேட்டால், பதினெட்டு வயது ஆகட்டும் என்று சொல்லுங்கள்.