8.5-க்கும் 8.44-க்கும் நடுவுல ஒரு ப்ராஜெக்ட்

ஃபைனல் இயர் வந்துட்டா கேன்டீன்ல, ஹாஸ்டல்ல, பஸ்ல ஒரே பேச்சுதான். "டைட்டில் கொடுத்தாச்சா? கைடு யாரு? ஃபர்ஸ்ட் ரிவ்யூ எப்போ?" ஏழு செமஸ்டர் ஓட்டிட்டோம், இந்த ஒண்ணு என்ன பெருசானு ப்ராஜெக்ட்டைக் கடைசி வரிசையில வைக்கிறவங்கதான் அதிகம். முதல்ல ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்துடுவோம்.

டிஸ்டிங்ஷன் கணக்கு

அமெரிக்காவில் ஒஹையோ ஸ்டேட் மாதிரி சில பல்கலைக்கழகங்களில், இளநிலை மாணவர் ஆய்வேடு எழுதி, ஆசிரியர் குழு முன்னால் அதற்குப் பதில் சொன்னால் பட்டத்தோடு 'ஆய்வில் டிஸ்டிங்ஷன்' என்று தனியாகக் கொடுப்பார்கள். நம்ம ஊரில் அப்படித் தனி வழி இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி, முதல் வகுப்போடு டிஸ்டிங்ஷன் வாங்க சி.ஜி.பி.ஏ. 8.50-க்குக் குறையக் கூடாது. எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே முடித்திருக்கணும். அட்டெண்டன்ஸ் இல்லாமல் எந்த செமஸ்டரிலும் பரீட்சை எழுதவிடாமல் நிறுத்தப்பட்டிருக்கவும் கூடாது. தன்னாட்சிக் கல்லூரியில் படிக்கிறவங்க அவங்கவங்க ரெகுலேஷனை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கோங்க.

ஏழு செமஸ்டர் முடிவில் 150 கிரெடிட், சி.ஜி.பி.ஏ. 8.40 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் இருப்பது 10 கிரெடிட் ப்ராஜெக்ட் மட்டும். அதில் 'ஓ' கிரேடு வந்தால் 1260-ம் 100-ம் சேர்ந்து 1360. அதை 160-ஆல் வகுத்தால் சரியா 8.50, டிஸ்டிங்ஷன். 'ஏ ப்ளஸ்' வந்தால் 1350, அதாவது 8.44. அவ்வளவுதான், கை நழுவிப் போச்சு. தனியாப் பார்த்தால் எந்தத் தியரி பேப்பருக்கும் இவ்வளவு எடை கிடையாது.

தலைப்பு வேற, கேள்வி வேற

'கழிவு பிளாஸ்டிக்கைப் பயன்படுத்திச் சாலை அமைத்தல்' என்பது தலைப்பு. இதை வச்சுக்கிட்டு லேப்ல நாளைக்குக் காலையில என்ன செய்யணும்னு கேட்டா பதில் வராது. இதே விஷயத்தை நம்ம மதுரையிலேயே ஒருவர் கேள்வியா மாத்தினார். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன். அவர் செஞ்சது பி.இ. ப்ராஜெக்ட் இல்லை, ஒரு பேராசிரியரோட ஆய்வு. ஆனா அதில் நாம கத்துக்க நிறைய இருக்கு.

பிளாஸ்டிக்கை உருக்கித் தாரோடு கலப்பது எல்லாருக்கும் முதலில் தோன்றுகிற யோசனை. அதில் ஒரு சிக்கல் உண்டு. அளவு கூடினால் பிளாஸ்டிக் தாரோடு ஒட்டாமல் பிரிந்து நிற்கும். வாசுதேவன் முறையில் பிளாஸ்டிக் போய்ச் சேர்வது தாரில் இல்லை, ஜல்லியில். ஜல்லியை 160, 170 டிகிரி செல்சியஸ் சூடாக்கி, அதன்மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லிமேல் மெல்லிய பூச்சாகப் படியும். அதற்கப்புறம்தான் தார் சேரும். ஜல்லியில் இருக்கிற நுண்துளைகள் அடைபடுவதால் தண்ணீர் உள்ளே போவது குறையும், தாரும் நல்லாப் பிடிக்கும். பி.வி.சி. மட்டும் இதில் கூடாது, சூடாக்கினால் குளோரின் கலந்த நச்சு வாயு வரும்.

2002-ல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இந்த முறையில் சாலை போட்டுப் பார்த்தார்கள். 2006-ல் காப்புரிமை கிடைத்தது. 2013-ல் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2018-ல் வாசுதேவனுக்கு பத்மஸ்ரீ.

இவ்வளவுக்கும் அடியில் இருந்தது ஒரு சின்னக் கேள்விதான்: பிளாஸ்டிக் பூசிய ஜல்லியில் தார் கூடுதலாப் பிடிக்குமா? இதுக்கு லேப்ல பதில் இருக்கு. தார் பூசிய ஜல்லியை 40 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரம் போட்டு வைத்து, எவ்வளவு உரிந்திருக்கிறது என்று பார்க்கலாம். பூச்சு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. ரெண்டையும் ஒப்பிட்டால் விடை கையில். பூச்சு இல்லாத ஜல்லி இல்லைன்னா ஒப்பிட ஒண்ணுமே இல்லை. அப்போ அது ஆய்வாகாது, டெமோதான்.

கேள்வியைச் சுருக்கு

அடுத்த சறுக்கல் எல்லாத்தையும் அளக்க ஆசைப்படுவது. மார்ஷல் சோதனையை எடுத்துக்குவோம். 101.6 மி.மீ. விட்டம், 63.5 மி.மீ. உயரத்தில் தார்க்கலவை உருளை செய்து, 60 டிகிரி தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, மெஷினில் நசுக்கி எவ்வளவு எடை தாங்குதுனு பார்க்கணும். ஒவ்வொரு கலவைக்கும் மூணு உருளை வேணும். ஒரு உருளைக்குச் சுமார் 1.2 கிலோ கலவை.

ரெண்டு வகை பிளாஸ்டிக், அஞ்சு அளவு, நாலு தார் அளவுன்னு எடுத்தா 120 உருளை, 144 கிலோ. ஒரே வகை பிளாஸ்டிக், ஒரே தார் அளவு, பிளாஸ்டிக் அளவு மட்டும் அஞ்சுன்னா 15 உருளை, 18 கிலோ. முதல் திட்டம் மூணாவது ரிவ்யூவிலும் முடியாது. ரெண்டாவது, நாலு பேர் டீமுக்குத் தாராளம். தப்பா வந்ததைத் திரும்பச் செய்யவும் நாள் இருக்கும். மாறுவது ஒண்ணு, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

மத்த டிபார்ட்மெண்ட்காரங்களுக்கும் இதேதான். டிரிபிள் ஈ மாணவர் 'சோலார் பேனல் திறன் மேம்பாடு' என்று எழுதுவதைவிட, காலேஜ் மொட்டை மாடியில் ரெண்டு பேனல் வைத்து, ஒண்ணைத் தினமும் துடைத்து, இன்னொண்ணைத் துடைக்காமல் விட்டு, மதுரைத் தூசி ஒரு மாசத்தில் எத்தனை சதவீத மின்சாரத்தைத் தின்னுதுனு அளக்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்க பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் ஒன்றை எடுத்து, மதுரைப் பேச்சுத் தமிழில் எத்தனை சொல்லைத் தப்பாக எழுதுதுனு எண்ணலாம். செலவும் கம்மி, பதிலும் எண்ணில் கிடைக்கும்.

எழுதுறது கடைசி வாரத்துக்கு இல்லை

ரிப்போர்ட்டில் 'என்ன செய்தோம்' என்கிற அத்தியாயத்தை லேப்ல செய்த அன்னைக்கே எழுதிடுங்க. எந்த சல்லடை, எவ்வளவு எடை, என்ன வெப்பநிலை என்பதெல்லாம் ஏப்ரல் மாசத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்ஸ்ட்ராக்டைக் கடைசியில் எழுதுங்க. முடிவு தெரிஞ்ச பிறகுதான் அது எழுத வரும். எதிர்பார்த்தது வரலைன்னா எண்ணைத் திருத்தாதீங்க. 'எட்டு சதவீதத்துக்கு மேல் வலு குறைந்தது' என்பதும் ஒரு முடிவுதான். ஏன் குறைஞ்சிருக்கும்னு ஒரு பக்கம் எழுதினா, அந்தப் பக்கத்துக்கே மதிப்பு.

ரெடிமேட் ப்ராஜெக்ட்

காசு கொடுத்தா கோடு, ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் பெட்டியில் போட்டுத் தருகிற இடங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அறம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆபத்தைப் பார்ப்போம். யு.ஜி.சி. 2018-ல் கொண்டு வந்த விதிகளில் ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் திருத்தித் தரணும். 60 வரை போனால் ஒரு வருஷம் திருத்திக்கூடத் தர முடியாது. அதுக்கும் மேலே போனால் பதிவே ரத்து. ஒரே ரிப்போர்ட்டை நாலு காலேஜுக்கு விற்கிறவர்கிட்ட வாங்கினா, இந்தச் சதவீதம் எங்கே நிற்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. போனஃபைட் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிற கைடு, இது உங்க வேலைனு சான்று தருகிறார். அந்தக் கையெழுத்தையும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறோம்.

வைவாவில் வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் பெரும்பாலும் சுத்திச் சுத்தி மூணு கேள்விதான் கேட்பார். ஏன் இந்த அளவை எடுத்தீங்க? எதோட ஒப்பிட்டீங்க? இந்த எண் தப்பா இருக்க எங்கே வாய்ப்பு? பதினெட்டு கிலோ ஜல்லியைத் தானே சூடாக்கினவருக்கு இதுக்கெல்லாம் பதில் மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை.

ஆக, இந்த வாரம் டீம்ல உட்கார்ந்து ஒரு வேலை செய்யுங்க. டைட்டிலைக் கேள்விக்குறியில முடியுற ஒரே வாக்கியமா எழுதிப் பாருங்க. அதுக்கான பதிலை நம்ம லேப்ல இருக்கிற கருவியை வச்சு, மூணாவது ரிவ்யூவுக்குள்ள எண்ணாகச் சொல்ல முடியுமானு கைடுகிட்ட கேளுங்க. முடியாதுன்னா, கேள்வியை இன்னும் கொஞ்சம் சுருக்குங்க.