கரத்தில் மழலை ஏந்திய உக்கிர நாயகி
மகப்பேற்றைக் காக்கும் பெரியாச்சி அன்னை

ஆடி மாதம் பிறந்துவிட்டால் அன்னையின் ஆலயங்களில் வேப்பிலையும் குங்குமமும் கமழும். வெள்ளிதோறும் அலைமோதும் பக்தப் பெருமக்கள், கருவறையில் வீற்றிருக்கும் மாரியையும் காளியையும் கண்குளிரத் தரிசித்துவிட்டுப் பிராகாரம் சுற்றி வருவர். அப்போது ஒரு சன்னிதியின் முன் மட்டும் சிறுவர்கள் தாயின் சேலைத் தலைப்பை இறுகப் பற்றிக்கொள்வதைக் காணலாம். அங்கே அமர்ந்திருப்பவள் பெரியாச்சி.

அவளது திருவுருவை முதன்முறையாகக் காண்போர் திடுக்கிடுவது இயல்பே. கோரைப் பற்களும் உருட்டிய விழிகளும் கொண்டு, சூலம், வாள், உடுக்கை முதலியவற்றைப் பல கரங்களில் தாங்கி அமர்ந்திருக்கிறாள். காலடியில் ஓர் அரசன் மிதிபட்டுக் கிடக்கிறான். மடியில் மல்லாந்து கிடக்கும் பெண்ணின் வயிறு கிழிக்கப்பட்டு, குடல் வெளியே இழுக்கப்படுகிறது. இவற்றைக் கண்டு மருண்டு முகம் திருப்பிக்கொள்வோர் ஒன்றைக் காணத் தவறிவிடுகின்றனர். உயர்த்திய ஒரு கரத்தில் பச்சிளங்குழந்தை ஒன்று, மேனியில் ஒரு கீறலும் இன்றி இருக்கிறது.

இக்கோலத்திற்குரிய கதை செவிவழியாக வந்தது. வல்லாளன் என்னும் கொடுங்கோலன் குடிமக்களை வாட்டி வந்தான். அவன் மனைவி கார்குழலியும் அவனுக்கு இசைந்தவளே. அவர்களுக்குப் பிறக்கும் மகவின் மேனி மண்ணில் பட்டால் அழிவு நேரும் என்று முனிவர் ஒருவர் சாபமிட்டிருந்தார். அரசிக்கு நோவு கண்டபோது, அக்கொடியவனின் அரண்மனைக்கு வர மருத்துவச்சி எவளும் துணியவில்லை. தேடியலைந்த மன்னன் முதியவள் ஒருத்தியைக் கண்டு அழைத்து வந்தான். அவள் பேறு பார்த்தாள். பிறந்த மகவை மண்ணில் படாமல் ஏந்திக்கொண்டாள். அவளுக்குரிய கூலியைத் தர மறுத்த மன்னன், இழிவாகப் பேசி அவளைக் கொல்லவும் துணிந்தான். கிழவி பேருருக் கொண்டாள். மன்னனைக் காலில் இட்டு மிதித்தாள். அரசியை மடியில் கிடத்தி வயிற்றைப் பிளந்தாள். குழந்தையை மட்டும் கடைசிவரை கீழே விடவில்லை.

கதைக்குக் கதை நுணுக்கங்கள் மாறும். எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. வல்லாளன் செய்த தீமைகள் எத்தனையோ இருக்க, அவன் வீழ்வது பேறு பார்த்தவளின் கூலியை மறுத்த இடத்தில்தான். இந்நீதியை வகுத்தவர்கள் புலவர்கள் அல்லர். மருத்துவச்சியின் அருமையை அறிந்த கிராம மக்கள்.

பெயரும் அதையே சொல்கிறது. ஆச்சி என்பது மூத்த பெண்மணியைக் குறிக்கும் சொல். பெரிய ஆச்சி பெரியாச்சி ஆனாள். மகிடனை வதைத்த துர்க்கைக்கும் தாருகனை அழித்த காளிக்கும் புராணப் பெருமை உண்டு. பெரியாச்சியோ ஊரில் நாலு பேருக்குப் பிள்ளைப்பேறு பார்த்த கிழவியாகவே கதைக்குள் நுழைகிறாள்.

பலரை உறுத்துவது அரசியின் நிலைதான். அவளும் அப்போதுதான் ஈன்ற தாய் அல்லவா? கணவனின் கொடுமைக்கு அவள் உடந்தையாயிருந்தாள் என்பது வழக்கமான விடை. வயிற்றில் சிக்கிய சிசுவை அறுத்தெடுத்துக் காக்கும் கோலமே இது என்று வேறு விதமாகச் சொல்வோரும் உண்டு. கதையின் நேர்பொருளுக்கு இவ்விளக்கம் ஒத்துவராது; குடலை உருவும் கரங்கள் தண்டிக்கும் கரங்களே. ஆயினும், பேறு நிகழும் அறையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் தள்ளத்தக்க கருத்தன்று. குருதி இல்லாத பேறு ஏது? தாயா சேயா என்று மருத்துவச்சிகள் தவித்த இரவுகளை மலாயாவின் ரப்பர்த் தோட்டத்து லயங்கள் அறியும். அக்காலத்தில் பிள்ளைப்பேற்றில் உயிர் போவது அரிதன்று. ஆகவே அன்னையின் மடியில் கிடப்பவளைப் பார்த்து, அண்மையில் பிள்ளை பெற்றவள் அஞ்சி ஓடுவதில்லை. தான் கடந்து வந்த இடம் எதுவென்பது அவளுக்குத் தெரியும்.

சிங்கப்பூரில் இவ்வழிபாடு வேரூன்றிய இடங்களுள் சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயம் சிறப்புடையது. 1881-இல் எழுந்த இவ்வாலயம், அருகிலிருந்த சுண்ணாம்புக் காளவாய்கள் காரணமாகச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே முன்னோரால் அழைக்கப்பட்டது. உழைப்பாளிகள் நிறைந்த வட்டாரத்தின் காவல் தெய்வமாகக் காளி மூலத்தானத்தில் விளங்க, பெரியாச்சிக்கும் அங்கே தனியிடம் உண்டு. 1827-இல் நிறுவப்பட்ட சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்திலும் அன்னை எழுந்தருளியிருக்கிறாள். அங்கு தீமிதித் திருவிழாவை ஒட்டி நடைபெறும் பூசைகளுள் பெரியாச்சி பூசையும் ஒன்று.

வீரமாகாளியம்மன் ஆலயத்திலிருந்து நடந்தே செல்லும் தொலைவில்தான் பழைய கண்டாங் கெர்பாவ் மகப்பேற்று மருத்துவமனை இருந்தது. 1966-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகில் வேறெந்த மகப்பேற்று மருத்துவமனையும் அந்நாளில் அவ்வெண்ணிக்கையை எட்டியதில்லை. 1997-இல் அம்மருத்துவமனை புக்கிட் தீமா சாலையில் புதிய கட்டடத்திற்கு இடம்பெயர்ந்தது. மருத்துவச்சியின் இடத்தை மருத்துவரும் தாதியரும் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டனர். பெரியாச்சியின் சன்னிதிக்கு வரும் கைக்குழந்தைகள் மட்டும் குறையவில்லை.

குழந்தை பிறந்து ஏறக்குறைய முப்பது நாள் கழித்துத் தாயும் சேயும் ஆலயத்திற்கு வருவது சிங்கை, மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் நிலைத்துவிட்ட வழக்கம். அதுவரை தீட்டு என்று கூறித் தாயை வீட்டிலேயே இருத்துவர். தீட்டு என்ற சொல் இன்றைய இளம் பெண்களுக்கு உவப்பாக இராது. ஆனால் உடல் தேறாத ஒருத்திக்கு அடுப்படியிலிருந்தும் வெளி வேலையிலிருந்தும் கிடைத்த ஓய்வு அதுவே என்பதையும் மறுப்பதற்கில்லை. முப்பதாம் நாளை ஒட்டிக் குழந்தைக்கு முடியிறக்கி, நீராட்டிப் புத்தாடை அணிவித்துச் சன்னிதிக்குக் கொண்டு வருவர். கருவுற்றிருக்கும்போதே சுகப்பேறு வேண்டி வந்து சென்றவர்களே இவர்களுள் பலர்.

சில குடும்பங்களில் வீட்டிலும் பெரியாச்சிக்குப் படையல் இடுவதுண்டு. இது பெண்களின் பூசை. பொங்கலும் வடையும் இதில் முதன்மையல்ல. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமாகக் கொடுத்த பூண்டுக் குழம்பு, கருவாடு, மருந்துப் பொருள்கள் சேர்த்துச் சமைத்த கோழி முதலியவையே இலையில் இடம்பெறும். தாய் உண்டதையே அன்னையும் உண்கிறாள். ஆலயங்களில் மரக்கறிப் படையலே பெருவழக்காகிவிட்ட இந்நாளில், இப்பழைய முறையைத் தாழ்வாகக் கருதுவோர் உண்டு. பேறு பார்த்த கிழவிக்கு அவ்வீட்டில் என்ன விருந்து கிடைத்திருக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

குழந்தைகள் மிரள்கிறார்கள் என்று சில பெற்றோர் இச்சன்னிதியைத் தவிர்த்து விரைந்து செல்கின்றனர். அது தேவையில்லை. சிறுவனைச் சற்றே தூக்கிப் பிடித்து, அன்னையின் உயர்ந்த கரத்தைச் சுட்டிக்காட்டினால் போதும். அங்கிருக்கும் குழந்தையை அவன் தானே கண்டுகொள்வான். அது ஏன் அங்கே இருக்கிறது என்றும் கேட்பான்.